நடுக்கடலில் ஒரு பயணியைக் காணோம், கப்பலில் ஒரு ரிட்டயர்ட் டி.எஸ்.பி. இருக்கிறார். அவரால் என்ன செய்ய முடியும்?

மாடக்குளம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு அத்தியாயம் நன்றாக ஓடியது. ஐந்தாவதில் கப்பல் தரைதட்டி நிற்கிறது. கடல் அனுபவம் என்று பார்த்தால் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனதோடு சரி. அதனால்தான் இங்கே வந்தேன்.

கதை இது. மதுரைக்காரர், சி.பி.சி.ஐ.டி.யில் டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார். மகள் பிடிவாதமாக ஒரு சொகுசுக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறாள். இரண்டாவது அத்தியாயத்தில், பொங்கல் முடிந்து சென்னைத் துறைமுகத்தில் ஏறி, திருகோணமலை போய்விட்டுத் திரும்ப சென்னை. சாப்பாட்டு மேஜையில் அவரோடு ஒரு நிதி நிறுவன அதிபர் உட்காருகிறார். இரண்டாம் நாள் காலை அந்த ஆளைக் காணோம். பால்கனி வைத்த கேபின். கட்டிலில் படுத்த அடையாளம் இல்லை. மூக்குக் கண்ணாடி மட்டும் மேஜையில் இருக்கிறது.

என் சந்தேகங்கள்: போலீஸ் இல்லாத இடத்தில் விசாரிப்பது யார்? கேப்டன் வந்து "சார், நீங்கதான் உதவணும்" என்று நம்ம டி.எஸ்.பி.யைக் கேட்பாரா? கொலைகாரன் தப்பிக்க இந்திய நேரம், இலங்கை நேரம் என்ற குழப்பத்தைப் பயன்படுத்துவதாக வைத்திருக்கிறேன், அது சரியாக வருமா? பிறகு, உடல் கிடைத்தால் சமையலறை குளிர்பதன அறையில் வைப்பார்களா? ஒரு படத்தில் அப்படிப் பார்த்த ஞாபகம்.

கீழ்த்தளம்_தூத்துக்குடி:

அண்ணாச்சி, முதல்ல அந்தக் கடிகாரக் குழப்பத்தைத் தூக்கிக் கடல்ல போடுங்க. இலங்கையில இப்ப ஓடுறது நம்ம நேரமேதான். நடுவுல சில வருஷம் மாத்தி வெச்சிருந்தாங்க, 2006 ஏப்ரல்ல திரும்ப 5.30க்கு வந்துட்டாங்க. சென்னையில ஏறி திருகோணமலையில இறங்குறவன் கைக்கடிகாரத்தைத் தொட வேண்டியதே இல்ல. நேரத்தை வெச்சுத்தான் விளையாடணும்னா கப்பலை மாலத்தீவுக்கு விடுங்க, அங்க அரை மணி பின்னாடி. இல்லேன்னா தாய்லாந்துல புக்கெட், ஒன்றரை மணி முன்னாடி. கப்பல் நேரம்னு தனியா ஒன்னு ஓடும், அதை மாத்துறதுக்கு முந்தின ராத்திரி கேபினுக்கு வர்ற நிகழ்ச்சித் தாள்லயே போட்டுடுவாங்க. அதைப் படிக்காம போனை நம்பி ஊர் சுத்தப் போய், கப்பலைக் கோட்டை விட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன்.

நான் சொகுசுக் கப்பல்கள்ல செக்யூரிட்டி பிரிவுல ரொம்ப வருஷம் இருந்தவன். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். இப்ப ஊர்ல உக்காந்து பேரனைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுறது ஒன்னுதான் வேலை.

உங்க ரெண்டாவது கேள்விதான் முக்கியம். கேப்டன் கேக்கவே மாட்டார். கேப்டனைப் பாக்குறதே கஷ்டம். உங்க டி.எஸ்.பி. முதல்ல போய் நிக்கப்போறது வரவேற்பு கவுண்டர்ல. அங்க ஒரு பொண்ணு நல்லாச் சிரிச்சுக்கிட்டே "உங்க அக்கறைக்கு நன்றி சார், எங்க ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க"ன்னு சொல்லும். இன்னும் அழுத்திக் கேட்டா செக்யூரிட்டி ஆபீசர் வருவார். பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டுக் கடற்படையிலயோ போலீஸ்லயோ இருந்துட்டு வந்த ஆளு. அவருக்கு மேல ஸ்டாஃப் கேப்டன், கப்பல்ல ரெண்டாவது இடம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் கையில. கீழே எங்கள மாதிரி காவல் ஆளுங்க. முன்னாள் கூர்க்கா சிப்பாய், பிலிப்பினோ, நம்ம பட்டாளத்துல இருந்து வந்தவங்க. இந்த வரிசையில ரிட்டயர்ட் டி.எஸ்.பி.க்கு எங்கயும் நாற்காலி கிடையாது. அவரும் டிக்கெட் எடுத்து வந்த ஒரு பயணி, அவ்வளவுதான். பெரிய அதிகாரியா இருந்தவரை அந்தச் சிரிப்பு என்ன பண்ணும்னு நீங்க எழுதுங்க, அத்தியாயம் தானா ஓடும்.

ஆளைக் காணோம்னா என்ன நடக்கும்னு சொல்றேன். முதல்ல ஒலிபெருக்கியில பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. "இன்ன கேபின் இன்னார், வரவேற்புக்கு வரவும்." மூணு தடவை. பாதிப் பேர் ராத்திரி வேற யார் அறையிலயாவது தூங்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு வந்து நிப்பான். வரலேன்னா கேபினைத் திறப்போம். அப்புறம் கப்பல் பூரா தேடல். ஆளுக்கு ஒரு பகுதி, லாண்டரி, ஐஸ் அறை, லைஃப் போட் உள்ள வரைக்கும். அதே நேரத்துல ஒருத்தர் காமிரா முன்னாடி உக்காந்திருவார். நடைபாதை, படிக்கட்டு, கப்பலோட வெளிப்பக்கம் எல்லாத்துக்கும் காமிரா உண்டு. கேபின் உள்ள கிடையாது.

கதவுப் பூட்டையும் பாப்போம். எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்ததுன்னு பூட்டுலயே பதிஞ்சிருக்கும். ஆனா நான் வேலை பார்த்த கப்பல்கள்ல உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பி வெளிய போறது பதியாது. உள்ள வந்தது தெரியும், போனது காமிரா சொன்னாத்தான் தெரியும். இன்னொன்னு, காமிராக் கடிகாரமும் பூட்டுக் கடிகாரமும் சில நிமிஷம் விலகி நிக்கும். நேரக் குழப்பம் வேணும்னா இதை எடுத்துக்குங்க, இது நிஜமாவே தலைவலி குடுக்கும்.

ஆள் கடல்ல விழுந்துட்டான்னு தோணுச்சுன்னா "ஆஸ்கர், ஆஸ்கர்"னு அறிவிப்பு வரும். சிவப்பும் மஞ்சளும் குறுக்கே வெட்டின கொடி ஒன்னு உண்டு, கடல்ல ஆள் விழுந்தா ஏத்துறது, அதோட பேரு அது. கேப்டன் கப்பலைத் திருப்புவார். சும்மா வட்டமடிச்சா வந்த தடம் கிடைக்காது. ஒரு பக்கம் ஒடிச்சு, அப்புறம் எதிர்ப்பக்கம் முழுசா ஒடிச்சு, வந்த வழியிலயே நேரா திரும்பி நிக்கிற மாதிரி ஒரு திருப்பம் இருக்கு, வில்லியம்சன் திருப்பம்னு சொல்லுவோம். நீங்க சொல்ற பாதையில சென்னை, கொழும்பு ரெண்டு மீட்பு மையத்துக்கும் செய்தி போகும். ஆனா உங்க கதையில ராத்திரி போனவனை காலையில தேடுறாங்க. கப்பல் அதுக்குள்ள நூறு கடல் மைலுக்கு மேல தாண்டியிருக்கும். திரும்பிப் போறதா வேண்டாமான்னு ஒரு முடிவு எடுக்கணும், அதுல மூவாயிரம் பேரோட பயணத் திட்டம், எரிபொருள், துறைமுகத்துல எடுத்த இடம் எல்லாம் தொங்கும். அந்த முடிவு எடுக்குற அறையில உங்க ஆளு இருக்க மாட்டார். கப்பல் திரும்புறதை மட்டும் அவர் உணரலாம், வெயில் மேஜையோட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகும்.

"தவறி விழுந்துட்டார்"னு சீக்கிரம் சொல்லிடாதீங்க. அமெரிக்காவுல 2010ல ஒரு சட்டம் வந்தது. 250 பேரோ அதுக்கு மேலயோ தங்க வசதியுள்ள கப்பல் அங்க ஆள் ஏத்தி இறக்கணும்னா கைப்பிடிக் கம்பி 42 அங்குலம் இருக்கணும், கேபின் கதவுல வெளிய யாருன்னு பாக்குற கண்ணாடித் துளை இருக்கணும். பல கப்பல் எல்லாக் கடலுக்கும் போறதால இந்த அளவைப் பரவலாப் பாக்கலாம். 42 அங்குலம்னா நம்ம ஆளுங்களுக்குத் தொப்புளுக்கு மேல வரும். அதைத் தாண்டித் தவறி விழ முடியாது. ஏறணும், இல்ல யாராவது தூக்கணும்.

சமையலறை ஃப்ரிட்ஜ் விஷயம்: வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரி பகுதி பக்கத்துலயே சின்னதா ஒரு பிணவறை இருக்கும், சில உடல் வைக்கிற அளவு. வயசானவங்க நிறைய வர்ற இடம், யோசிச்சுப் பாருங்க. பயணிகளுக்கு அது இருக்குறதே தெரியாது.

இப்ப யார்கிட்ட விஷயம் இருக்கும்? அறையைச் சுத்தம் பண்ற கேபின் ஸ்டூவர்டுகிட்ட. கட்டில்ல எந்தப் பக்கம் படுத்தார், எத்தனை துண்டு நனைஞ்சது, எந்த மாத்திரை காலியாச்சு, குப்பைக் கூடையில கிழிச்ச தாள் இருந்ததா, எல்லாம் அவனுக்குத் தெரியும். இந்தோனேசியாக்காரனா இருக்கலாம், பிலிப்பினோவா இருக்கலாம், கோவாக்காரனா இருக்கலாம், நம்ம ஆளாவும் இருக்கலாம். உங்க டி.எஸ்.பி. "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டு அவன் "உவரி பக்கம் சார்"னு சொன்னான்னா விசாரணை அங்க ஆரம்பிக்குது. ஆனா அவன் வாயைத் திறக்க மாட்டான். ஏன்னா பயணிகிட்ட தேவையில்லாததைப் பேசினான்னு தெரிஞ்சா அடுத்த துறைமுகத்துலயே இறக்கி ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஏஜெண்டுக்குக் கட்டின கடன் பாக்கி இருக்கும், தங்கச்சி கல்யாணம் இருக்கும். கப்பல்ல உண்மையைச் சொல்றதுக்கு விலை அது. உங்க கொலைகாரனைவிட இந்தப் பயத்தைத்தான் உங்க டி.எஸ்.பி. முதல்ல ஜெயிக்கணும்.

பார்_ரூம்:

மேலே தூத்துக்குடி நண்பர் அருமையாகச் சொல்லிவிட்டார். நான் சட்டப் பக்கத்தை மட்டும் தொடுகிறேன். கதைக்கு இது எலும்பு மாதிரி. தெரியாமல் எழுதினால் யாராவது ஒரு வாசகர் பிடித்துக்கொள்வார்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் கடல் எல்லை. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 22 கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்டினால் கப்பலுக்குள் நடக்கும் குற்றத்துக்கு முதல் உரிமை அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுக்கு. 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்வது இது. 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் என்று நாம் படித்திருப்போம். அது மீனுக்கும் எண்ணெய்க்கும். பயணிகள் கப்பலின் பால்கனிக் கொலைக்கு அல்ல. சென்னையிலிருந்து திருகோணமலை சுமார் 280 கடல் மைல். அந்த வழியில் பெரும்பகுதி நேரம் கப்பல் 12 மைலுக்கு வெளியேதான் இருக்கும்.

கொடி பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா என்று இருக்கும். கப்பலை ஒருமுறைகூட அந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 2011இல் மெக்சிகோ கரைப்பக்கம் போன பஹாமாஸ் கொடிக் கப்பல் ஒன்றில் பிரிட்டிஷ் பணிப்பெண் ஒருவர் காணாமல் போனார். விசாரிக்க பஹாமாஸிலிருந்து வந்தது ஒரே ஓர் அதிகாரி. உங்கள் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி.க்கு இதைக் கேட்டால் ரத்தம் கொதிக்கும்.

கொலைகாரர் இந்தியக் குடிமகனாக இருந்தால் இன்னொரு கதவு திறக்கும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 1(5), பழைய இ.பி.கோ.வின் 4ஆம் பிரிவு. இந்தியர் உலகத்தில் எங்கே குற்றம் செய்தாலும் நம் சட்டம் துரத்தும். ஆனால் வழக்கு விசாரணைக்கு ஒன்றிய அரசின் முன் அனுமதி வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 208, பழைய சட்டத்தில் 188. ஆக கோப்பு மதுரைக்கும் போகாது, சென்னை கமிஷனர் அலுவலகத்தோடும் நிற்காது, டெல்லி வரை போய்வர வேண்டும்.

எல்லை விஷயம் எவ்வளவு சிக்கல் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2012 பிப்ரவரியில் கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில் இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். கேரளப் போலீஸ் கைது செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, ஒன்றிய அரசுக்குத்தான் என்றது. பிறகு சர்வதேச நடுவர் மன்றம், 2020இல் அந்த வீரர்களுக்கு இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு என்ற தீர்ப்பு, 2021 ஜூனில் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு இங்கே வழக்கு முடிப்பு. ஒன்பது வருடம். இத்தனைக்கும் சுட்டது யார் என்பதில் பெரிய மர்மம் இருக்கவில்லை.

கதைக்கு ஒரு சின்னக் குறிப்பு: கப்பலில் சூதாட்ட அறை எப்போது திறக்கிறது என்று பாருங்கள். கரையோரக் கடலைத் தாண்டிய பிறகுதான் திறப்பார்கள். உங்கள் ஹீரோ வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம்: மேஜையில் சீட்டு விழ ஆரம்பித்த பிறகு நடந்ததா, முன்னாலா? எந்த நாட்டுச் சட்டம் என்பதே அதைப் பொறுத்தது.

மாடக்குளம்:

ஆஹா. சூதாட்ட அறையை எடுத்துக்கொண்டேன், கேட்காமலே. கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒன்றரை அத்தியாயம் அதோடு போகிறது, போகட்டும்.

ஆனால் இப்போது பயமாக இருக்கிறது. அதிகாரம் இல்லை, அறைக்குள் போக முடியாது, காமிரா பார்க்க முடியாது, ஸ்டூவர்டு பேச மாட்டான். அப்படியானால் நம்ம டி.எஸ்.பி. பஃபே வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

ஸ்டேஷன்_ரைட்டர்:

நான் காவல்துறையில் ரைட்டராகத் தொடங்கி எஸ்.ஐ.யாக வெளியே வந்தவன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழக்கம் போகாது. ஓய்வுபெற்ற பிறகும் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வாசல் எத்தனை, பின்கதவு எங்கே என்று கண் தானாகப் போகும். உங்கள் ஆள் காணாமல் போன செய்தி கேட்டதும் முதல் வேலையாகக் கப்பல் கொடுத்த குறிப்புத்தாளில் மாதிரி வரைபடம் போடுவார். கேபின் எங்கே, படிக்கட்டு எங்கே, லிஃப்ட் எங்கே, எந்த விளக்கு எரிந்தது. அப்புறம் பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்ணால் கண்டதன் பதிவு, எழுதுவார், ரெண்டு சாட்சிக் கையெழுத்தோடு. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த கணவன் மனைவியையே சாட்சியாக்குவார். அந்த அம்மா "எதுக்குங்க கையெழுத்து?" என்று பயந்து கேட்கட்டும். எங்கள் வாழ்க்கையில் எல்லா சாட்சியும் அப்படித்தான் கேட்டார்கள்.

சட்டப்படி அந்த மகஜருக்கு மதிப்பு இல்லை. இங்கே சந்தேக மரணம் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவில் வழக்குப் போடுவோம், புதிய சட்டத்தில் அது 194. கப்பலில் போட யாரும் இல்லை. உங்கள் ஆள் விசாரணை அதிகாரியும் இல்லை. அவர் ஒரு சாட்சி. இதை நீங்கள் புரிந்துகொண்டால் கதை மாறும். வாழ்நாள் முழுக்கச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிட்டு வெளியே நின்றவர், இப்போது தானே ஏற வேண்டும். குறுக்கு விசாரணையில் "நீங்கள் அன்று எத்தனை பெக் குடித்தீர்கள்?" என்று கேட்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு முன்பைவிட அதிக பலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. முப்பது வருடம் இதோடுதான் மாரடித்தோம். குற்றவாளி முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்வான், பேப்பரில் எழுதி ஒரு பயனும் இருக்காது. உங்கள் ஆள் இப்போது போலீஸ் இல்லை. அவரிடம் கொலைகாரன் மனம் விட்டுப் பேசினால்? வக்கீல் சார் சொல்லட்டும்.

பார்_ரூம்:

ரைட்டர் சார், நல்ல இடத்தில் கொக்கி போட்டுவிட்டீர்கள். ஆமாம். பழைய சாட்சியச் சட்டம் 25, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் 23. தடை போலீஸ் அதிகாரியிடம் சொன்னதற்குத்தான். ஓய்வுபெற்றவர் அந்த வரையறைக்குள் வர மாட்டார். அவரிடம் தானாக விரும்பிச் சொன்னது நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த ஒப்புதல் என்ற வகையில் ஏற்கப்படலாம். பலவீனமான சாட்சியம் என்றுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. துணைக்கு வேறு ஆதாரம் தேடுவார்கள். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்றால் போயிற்று. ஆகவே உங்கள் டி.எஸ்.பி. குரலை உயர்த்தவே கூடாது. பழைய தோரணை ஒரு சொல்லில் எட்டிப் பார்த்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

பழையபேப்பர்:

இழை அருமை. கப்பல், துப்பறிவாளர் என்றதும் எனக்கு 1910 ஞாபகம் வருகிறது. லண்டனில் கிரிப்பன் என்ற ஆள், மனைவியைக் கொன்றதாகத் தேடப்பட்டவர், காதலியை ஆண்பிள்ளை வேஷத்தில் கூட்டிக்கொண்டு ஆண்ட்வெர்ப்பில் மான்ட்ரோஸ் கப்பல் ஏறினார். அப்பா, மகன் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். கண்டுபிடித்தது போலீஸ் இல்லை, கேப்டன் கெண்டல். மகன் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்த விதம் அவருக்கு இடித்தது. கால்சட்டை பின்பக்கம் கிழிந்து ஊக்கு குத்தியிருந்ததையும் பார்த்துவிட்டார். கப்பலில் இருந்த ஆங்கிலச் செய்தித்தாள்களை ஒளித்து வைத்துவிட்டு, கம்பியில்லாத் தந்தியில் லண்டனுக்குச் சொன்னார். ஸ்காட்லாந்து யார்டின் வால்டர் டியூ லிவர்பூலில் லாரென்டிக் என்ற வேகமான கப்பலைப் பிடித்து முன்னாலேயே கனடா போய்ச் சேர்ந்து, ஜூலை 31 அன்று துறைமுக வழிகாட்டி வேஷத்தில் மான்ட்ரோஸில் ஏறிக் கைது செய்தார். அந்த வருடமே டியூ வேலையை விட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது, அத்தனை நாளும் உலகமே பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தது, கப்பலில் இருந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரியாது. இன்று கப்பலில் இணையம் இருக்கிறது. உங்கள் கொலைகாரன் தன்னைப் பற்றித் தானே படித்துக்கொள்வான். அதை யோசியுங்கள்.

(கெண்டலுக்கு நாலு வருடம் கழித்து நடந்தது தனிக் கதை. 1914இல் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து மூழ்கியபோது அவர்தான் கேப்டன், ஆயிரத்துக்கு மேல் சாவு, அதுவும் கிரிப்பன் பிடிபட்ட இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில். இதைக் கதையில் வைத்தால் நம்ப மாட்டார்கள்.)

மாடக்குளம்:

நன்றி, நன்றி. ரைட்டர் சார், அந்த அம்மாள் கையெழுத்துக் காட்சியை அப்படியே எழுதப்போகிறேன்.

தூத்துக்குடி அண்ணனுக்கு ஒரு கடைசிக் கேள்வி. நடைபாதையில் காமிரா, கதவில் பூட்டுப் பதிவு. அப்படியானால் கொலைகாரன் அந்தக் கேபினுக்குள் போனதே தெரிந்துவிடுமே? எப்படி நுழைய வைப்பது? ஜன்னலில் கயிறு கட்டி இறங்குவதெல்லாம் வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்புறம், ஊர் திரும்பிய பிறகு அவருக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?

கீழ்த்தளம்_தூத்துக்குடி:

கயிறு வேண்டாம். பால்கனி இருக்குல்ல, அது போதும்.

பக்கத்துப் பக்கத்து பால்கனிக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்கும். பாக்க சுவர் மாதிரி, ஆனா நிறையக் கப்பல்ல அதுக்குக் கீல் உண்டு. குடும்பமா ரெண்டு மூணு கேபின் எடுத்தவங்க கேட்டா ஸ்டூவர்டு சாவி போட்டுத் திறந்து விடுவான். ரெண்டு பால்கனியும் ஒன்னாயிடும், பிள்ளைங்க ஓடி விளையாடும். அது வழியாப் போனா நடைபாதைக் காமிராவுல தெரியாது, கதவுப் பூட்டுலயும் பதியாது. வெளிப்பக்கக் காமிரா கப்பலோட நீளத்துக்குப் பாக்கும், பால்கனி உள்ள தெளிவாத் தெரியாது, ராத்திரின்னா சுத்தம். விழுறது வேணும்னா ஒரு புள்ளி மாதிரி தெரியும். விழுந்தவனா தள்ளிவிடப்பட்டவனான்னு அதுல சொல்ல முடியாது.

இதுல உங்க டி.எஸ்.பி.க்கு வேலை வருது பாருங்க. செக்யூரிட்டி ஆளுங்க கதவுல டேப் ஒட்டி, வாசல்ல ஒருத்தனை உக்கார வெச்சிருப்பாங்க. கேபினுக்குள்ள போக முடியாது. ஆனா பக்கத்துக் கேபின்காரர் "வாங்க சார், காபி சாப்பிடலாம்"னு கூப்பிட்டா அந்தப் பால்கனியில போய் நிக்கலாம்ல? உப்புக் காத்துல நிக்கிற எந்த உலோகமும் வெள்ளை பூத்துக் கிடக்கும். சமீபத்துல திறந்த கீல் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். அதைப் பாக்க அதிகாரம் வேண்டாம், கண்ணு போதும்.

அப்ப கொலைகாரன் யாரு, பக்கத்துக் கேபின்காரரா, இல்ல அவர் சாப்பிடப் போனப்ப அவர் கேபினுக்குள்ள வந்தவனா, ஸ்டூவர்டு யாருக்குத் திறந்துவிட்டான், இதெல்லாம் உங்க பாடு. ஆனா ஸ்டூவர்டைக் கொலைகாரன் ஆக்கிடாதீங்க அண்ணாச்சி. கதைன்னு வந்தாலே வேலைக்காரன் தலையில கட்டுற வழக்கம் இருக்கு. அவன் நூறு ரூபா டிப்ஸுக்குத் திறந்துவிட்டிருப்பான், அப்புறம் அது என்னத்துக்குன்னு தெரிஞ்சு தூக்கம் வராம கிடப்பான். அவன் டி.எஸ்.பி.கிட்ட சொல்ற இடம் கீழ்த்தளமா இருக்க முடியாது, அங்க பயணிக்கு அனுமதி இல்ல. துறைமுகத்துல, கப்பலுக்கு வெளிய. திருகோணமலையில ஊழியர்களுக்கும் சில மணி நேரம் இறங்க அனுமதி கிடைக்கும். வீட்டுக்குப் போன் பண்ண வைஃபை இருக்குற டீக்கடையைத் தேடி நம்ம பசங்க ஓடுவாங்க. கோணேசர் கோயிலுக்குப் போறவங்களும் உண்டு. உங்க ஆளு அங்க போய் உக்காரட்டும், தம்பி தானா வருவான்.

நேரம் கேட்டீங்க. சென்னை சேர்றதுக்கு முந்தின ராத்திரி பெட்டிக்கு வண்ணச் சீட்டு கட்டி கதவுக்கு வெளிய வைக்கச் சொல்லுவாங்க. காலையில சீட்டு நிறம் வரிசைப்படி இறக்குவாங்க, முற்பகலுக்குள்ள கப்பல் காலி. மதியம் அடுத்த கூட்டம் ஏறும், சாயந்திரம் கிளம்பிடும். காணாமப் போனவரோட கேபினைப் பூட்டி வெச்சிருப்பாங்க. பக்கத்துக் கேபின் வித்திருக்கும். அந்தத் தடுப்பைத் துடைச்சு, கீலுக்கு எண்ணெய் போட்டு, புதுப் பயணிக்குக் கொடுத்துடுவாங்க, யாரும் கெட்ட எண்ணத்துல செய்ய வேண்டியதில்ல, தினமும் நடக்குற வேலை அது. கரையில ஏறி வர்ற முதல் ஆளு போலீஸா கம்பெனி வக்கீலான்னு கேட்டா, நான் பார்த்த வரைக்கும் வக்கீல்தான்.

அதனால டி.எஸ்.பி. இறங்குறதுக்கு முன்னாடி அந்தக் கீலைப் படம் எடுத்திருக்கணும். படத்துல தேதியும் நேரமும் இருக்கணும், பக்கத்துக் கேபின்காரர் கூட நிக்கணும், ரைட்டர் சார் சொன்ன மாதிரி கையெழுத்தும் வாங்கியிருக்கணும். செக்யூரிட்டி ஆபீசர்கிட்ட காமிராப் பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி எழுத்துல கொடுத்து, நகல்ல அவர் கையெழுத்து வாங்கணும். வாய்ல சொன்னா காத்தோட போச்சு. கப்பலோட கறுப்புப் பெட்டியையும் அதே தாள்ல கேக்கச் சொல்லுங்க. 2014 ஜூலைக்கு அப்புறம் பொருத்தினதுன்னா 30 நாள் பதிவு உள்ள இருக்கும், கேப்டன் மேல்தளத்துல பேசினது உட்பட. கப்பல் திரும்புச்சா, எப்ப திரும்புச்சு, யார் வேண்டாம்னாங்க, எல்லாம் அதுல இருக்கும். பழைய பெட்டின்னா 12 மணி நேரம்தான், மேல மேல எழுதிக்கிட்டே போகும். எந்தப் பெட்டின்னு முடிவு பண்ணிட்டு ஆறாவது அத்தியாயத்தைத் தொடங்குங்க.

அப்புறம் மாசத்தைக் கவனிங்க. இங்க இருந்து கிளம்புற கப்பல் பெரும்பாலும் ஜூன்லதான் சென்னைப் பக்கம் வரும், அப்ப மேற்குக் கரையில தென்மேற்குப் பருவக் கடல் கொந்தளிக்கும். உங்க ரெண்டாவது அத்தியாயத்துல பொங்கல் முடிஞ்சு கப்பல் ஏறுறதா இருக்கு.